கடல் கடந்த பள்ளித் தோழமை

ஒருவரை அறிதற்கு வழிகள் இரண்டு உள. பிறர் அவரைப் பற்றிச் சொல்வதைக் கேட்டு அறிதல் ஒன்று. அவரோடு நாமே பழகி அறிதல் மற்றொன்று. முன்னையதில் பிழை புகுதல் எளிது. சொல்வோர் தம் விருப்பு வெறுப்புகளையும் சேர்த்தே சொல்வர். பின்னையது காலம் கொள்ளும், எனினும் உறுதியானது. அடுத்த தெருவில் வாழ்வாரைப் பற்றியே இவ்வாறாயின், கடலுக்கு அப்பால் வாழ்வாரைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? அவர்தம் மொழியை நாம் கேட்டறியோம், உணவை உண்டறியோம், இன்ப துன்பங்களில் கலந்தறியோம். ஆதலின் அவரைப் பற்றிய தவறான கருத்துகள் விரைவில் பரவுகின்றன. தவறான கருத்து அச்சத்தையும், அச்சம் பகைமையையும், பகைமை போரையும் விளைத்தமைக்கு வரலாற்றில் சான்றுகள் பல.

இக்குறையை இளமையிலேயே களைதல் வேண்டும் என எண்ணிய சான்றோர் கண்ட வழிகளுள் ஒன்று, ஒரு நாட்டுப் பள்ளியை மற்றொரு நாட்டுப் பள்ளியோடு நட்புறவு கொள்ளச் செய்தலாகும். இவ்வாறு இணைந்த பள்ளிகளின் மாணவர்கள் கடிதம் எழுதுவர். ஒரே பொருளை ஆராய்வர். இயலுமாயின் ஒருவர் நாட்டிற்கு மற்றொருவர் சென்று தங்கியும் வருவர். இத்தோழமை எவ்வாறு தோன்றியது, எங்கே தளர்ந்தது, எவ்வாறு வலுப்பெற்றது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

முதல் உலகப் போர் 1918ஆம் ஆண்டில் முடிவுற்றது. இலட்சக்கணக்கான வீடுகளில் மகனோ தந்தையோ திரும்பி வரவில்லை. அத்துயரம் ஆறுமுன், 1922ஆம் ஆண்டில், பிரித்தானியத் தீவின் மேற்கிலுள்ள வேல்சு நாட்டில் ஒரு முயற்சி தொடங்கியது. க்விலிம் டேவிஸ் என்னும் சமயப் பெரியார், வேல்சு நாட்டுச் சிறுவர்களின் பெயரால் உலகச் சிறுவர் அனைவர்க்கும் அமைதியும் நல்லெண்ணமும் விழையும் செய்தி ஒன்றைக் கம்பியில்லாத் தந்தி வாயிலாக அனுப்பச் செய்தார். அந்நாட்டு இளைஞர் கழகம் அவ்வழக்கத்தை நூறாண்டு கடந்தும் கைவிடாது போற்றி வருகின்றது. சிறுவர் குரலும் கடல் கடந்து செல்லும் என்பதனை உலகிற்குக் காட்டிய தொடக்கங்களுள் இஃது ஒன்று.

ஐந்தாண்டுகளுக்குப் பின் இதனினும் பெரிய முயற்சி ஒன்று அமெரிக்காவிற்கும் ஜப்பானுக்கும் இடையே நிகழ்ந்தது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இயற்றிய குடியேற்றச் சட்டம், ஜப்பானியர் அந்நாட்டில் குடியேறுதலைத் தடை செய்தது. தம்மைத் தாழ்வாக நினைத்தனர் என்று ஜப்பானிய மக்கள் மனம் வருந்தினர். இரு நாட்டார்க்கும் இடையே கசப்பு வளர்ந்தது. அக்காலை, ஜப்பானில் நெடுங்காலம் சமயப் பணியும் கல்விப் பணியும் ஆற்றித் தாயகம் திரும்பியிருந்த சிட்னி கியூலிக் என்னும் அமெரிக்கர், வளர்ந்தோர் உள்ளத்தை மாற்றுதல் அரிதாயினும், சிறுவர் உள்ளத்திலேனும் நட்பை விதைத்தல் வேண்டும் என்று எண்ணினார்.

ஜப்பானில் மார்ச்சு மாதம் 3ஆம் நாள் பெண் குழந்தைகளுக்கு உரிய பொம்மைத் திருநாளாகும். அத்திருநாளை ஒட்டி அமெரிக்கச் சிறுவர் சிறுமியர் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் பொம்மைகள் அனுப்புதல் நன்று எனக் கியூலிக் திட்டம் வகுத்தார். அமெரிக்கா முழுவதும் பிள்ளைகள் காசு சேர்த்துப் பொம்மைகள் வாங்கினர். சிறுமியர் அவற்றிற்குத் தம் கையாலேயே ஆடை தைத்தனர். ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் இட்டனர். கடவுச்சீட்டும் கப்பற் பயணச் சீட்டும் நட்புக் கடிதமும் உடன் வைத்தனர். இவ்வாறு 1927ஆம் ஆண்டில் 12,000க்கு மேற்பட்ட பொம்மைகள் ஜப்பானை அடைந்தன. படுக்க வைத்தால் கண் மூடுவனவும், சாய்த்தால் ஒலி எழுப்புவனவும் அவற்றுள் இருந்தன. நாடெங்கிலுமுள்ள தொடக்கப் பள்ளிகளுக்கும் மழலையர் பள்ளிகளுக்கும் அவை பகிர்ந்தளிக்கப்பட்டன. நீலக்கண் பொம்மைகள் என அந்நாட்டார் அவற்றை அன்போடு அழைத்தனர்.

ஜப்பானில் அவற்றை வரவேற்கும் பொறுப்பை ஏற்றவர், வங்கிகளும் தொழில்களும் பல நிறுவிய முதுபெரும் செல்வர் சிபுசாவா எய்இச்சி ஆவார். பெற்றதற்கு ஈடாகக் கொடுத்தலும் வேண்டும் என்பது அவர் கொள்கை. ஜப்பானியச் சிறுமியர் தலைக்கு ஒரு சிறு காசாகத் திரட்டிய பொருளைக் கொண்டு, கைதேர்ந்த கலைஞர்கள் 58 பொம்மைகளைச் செய்தனர். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் உயரம் உடையது, பட்டாடை புனைந்தது. அவை அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கா சென்று, பல நகரங்களில் மக்கள் கண்டு மகிழ வலம் வந்து, பின்னர் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் இடம்பெற்றன.

அந்நட்பு நிலைத்ததோ எனின், இல்லை. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பான் அமெரிக்கக் கடற்படைத் தளமாகிய முத்துத் துறைமுகத்தைத் தாக்கியது. இரு நாடுகளும் போரில் இறங்கின. பள்ளிகளில் அன்போடு போற்றப்பட்ட நீலக்கண் பொம்மைகள் இப்பொழுது பகைநாட்டுப் பொருள்களாயின. 1943ஆம் ஆண்டளவில் அவற்றை அழித்தல் வேண்டும் என்னும் குரல் ஓங்கியது. பல பொம்மைகள் எரிக்கப்பட்டன. சில மூங்கில் ஈட்டிகளாற் குத்திச் சிதைக்கப்பட்டன. முன்னர் எந்தப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றை வரவேற்றுப் பாடினரோ அந்தப் பள்ளிகளிலேயே இது நிகழ்ந்தது. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரோஷிமா, நாகசாகி என்னும் இரு நகரங்கள் அணுகுண்டிற்கு இரையாயின. அங்கு மாண்டோருள் பள்ளிச் சிறுவர் எண்ணிறந்தோர்.

ஆயினும் எல்லாப் பொம்மைகளும் அழிந்தில. பொம்மைக்குப் பகைமை ஏது என்று எண்ணிய ஆசிரியர் சிலர், அவற்றை மறைவான இடங்களில் ஒளித்து வைத்தனர். பகைநாட்டிற்குத் துணை நின்றார் என்னும் பழி வருமே என்று அவர்கள் அஞ்சியிருத்தல் கூடும், எனினும் செய்தனர். அவ்வாறு தப்பியவை பல ஆண்டுகளுக்குப் பின் ஒன்றொன்றாக வெளிப்பட்டன. இன்று 300க்குச் சற்று மேற்பட்ட பொம்மைகள் எஞ்சியுள்ளன. கியூலிக்கின் பேரனார் 1980களில் தொடங்கி மீண்டும் ஜப்பானியப் பள்ளிகளுக்குப் புதிய பொம்மைகளை அனுப்பி வந்தார் என்பதும் இங்கு நினைத்தற்கு உரியது.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? பொம்மைகள் அனுப்பியமை வீண் என்று கூறுதல் பொருந்தாது. நட்பின் நினைவு ஆசிரியர் சிலரின் நெஞ்சில் நின்றமையாலன்றோ அவை தப்பின? ஆயினும் அம்முயற்சியில் குறை ஒன்று இருந்தது. பொம்மையைப் பெற்ற சிறுமி, அதனை அனுப்பிய சிறுமியைக் கண்டதில்லை. அவள் எவ்வாறு வாழ்கின்றாள், எதற்கு மகிழ்கின்றாள், எதற்கு அஞ்சுகின்றாள் என்பவற்றை அறிந்ததில்லை. பரிசும் நன்றியும் ஒருமுறை மாறின. அதன்பின் பழக்கம் தொடரவில்லை. மேலும், கசப்பிற்குக் காரணமான சட்டம் அவ்வாறே இருந்தது. 1952ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. எனவே நல்லெண்ணம் மட்டும் போதாது; நாள்தோறும் வளரும் பழக்கமும், வேற்றுமைக்குக் காரணம் யாது என ஆராயும் அறிவும் உடன் வேண்டும் என்பது தெளிவாகின்றது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தோன்றிய முயற்சிகள் இவ்வுண்மையை உணர்ந்தே அமைந்தன. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனமாகிய யுனெஸ்கோ, 1945ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அமைப்புச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. மனித உள்ளத்திலேயே போர் முளைக்கின்றது; ஆதலின் அமைதிக்கும் அவ்வுள்ளத்திலேயே அரண் அமைத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கருத்து. அந்நிறுவனம் 1953ஆம் ஆண்டில் 15 நாடுகளைச் சேர்ந்த 33 பள்ளிகளைத் தேர்ந்து, பிற நாட்டு மக்களைப் பற்றியும் மனித உரிமைகளைப் பற்றியும் கற்பிக்கும் முறைகளை ஆய்ந்து பார்க்கச் செய்தது. அச்சிறு தொடக்கம் இன்று 180க்கு மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 12,000 பள்ளிகளைத் தழுவிய பெருந்தொடர்பாக வளர்ந்துள்ளது.

பகைமை முற்றிய நாடுகளிடையேயும் பள்ளித் தோழமை பயன் தரும் என்பதற்குப் பிரான்சும் ஜெர்மனியும் சான்றாவன. 1870ஆம் ஆண்டிலிருந்து 1945ஆம் ஆண்டிற்குள் இவ்விரு நாடுகளும் மும்முறை போரிட்டன. பாட்டனும் தந்தையும் மகனும் ஒரே எல்லையில் ஒரே பகைவரோடு போரிட்ட குடும்பங்கள் இரு புறத்தும் உண்டு. அத்தகைய நாடுகளின் தலைவர்களாகிய டி கோலும் அடினாயரும் 1963ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் பாரிசு நகரிலுள்ள எலிசே மாளிகையில் நட்புடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டனர். அதன் பயனாக அவ்வாண்டிலேயே இரு நாட்டு இளைஞர்க்கும் பொதுவான அலுவலகம் ஒன்று நிறுவப்பட்டது. இரு அரசுகளும் அதற்குப் பொருள் உதவின. அன்று தொட்டு இன்றுவரை 90 இலட்சத்திற்கு மேற்பட்ட இளைஞர்கள் அதன் திட்டங்களில் பங்கு கொண்டுள்ளனர்.

இதில் நாம் சிறப்பாக நோக்க வேண்டுவது ஒன்று உண்டு. பிரெஞ்சு மாணவன் ஜெர்மானியக் குடும்பத்தில் தங்கி, அவர்கள் உண்ணும் உணவை உண்டு, அவர்கள் பிள்ளை பயிலும் பள்ளிக்கே சென்று கற்கின்றான். அவ்வாறே ஜெர்மானிய மாணவனும் பிரெஞ்சு வீட்டிற்கு வருகின்றான். மொழி தடுமாறும், வழக்கம் வேறுபடும், சில நாள் மனக்கசப்பும் தோன்றும். அவற்றைக் கடந்தபின் எஞ்சுவதே உண்மை நட்பு. உடன்படிக்கையின் நாற்பதாம் ஆண்டு நிறைவை ஒட்டி 2003ஆம் ஆண்டில் பெர்லினில் கூடிய இரு நாட்டு மாணவர் மன்றம், தமக்கு ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று கேட்டது. அதற்கு இணங்க இரு நாட்டு வரலாற்று ஆசிரியர்களும் கூடி எழுதிய நூலின் முதற்பகுதி 2006ஆம் ஆண்டில் இரு மொழிகளிலும் வெளிவந்தது. ஒருவர் வெற்றி என்று கற்றதை மற்றவர் தோல்வி என்று கற்ற நிலை மாறி, ஒரே நிகழ்ச்சியை இருவரும் சேர்ந்து நோக்கும் நிலை உருவாயிற்று. பாடநூலை மாற்றக் கேட்டவர்கள் மாணவர்களே என்பது நும்போன்றோர் பெருமை கொள்ளத்தக்கது.

இனி, நேரிற் செல்ல இயலாத பள்ளிகள் என் செய்யும் எனின், அவற்றிற்கும் வழி உண்டு. எளிய ஆய்வு ஒன்றினை எடுத்துக்காட்டாகக் கூறுவோம். இற்றைக்கு 2,200 ஆண்டுகளுக்கு முன் எகிப்து நாட்டின் அலெக்சாண்டிரியா நகரில் வாழ்ந்த எரட்டோஸ்தனீஸ் என்னும் கிரேக்க அறிஞர், நண்பகலில் நிழலை அளந்தே உலகின் சுற்றளவைக் கணித்தார். அவ்வாய்வை இன்று பல நாட்டுப் பள்ளிகள் சேர்ந்து செய்கின்றன. வடக்கு தெற்காக 1,110 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு பள்ளிகளைக் கருதுக. பகலும் இரவும் ஒத்த நாளில், 100 சென்டிமீட்டர் நீளமுள்ள கோலை இரு பள்ளியாரும் நேராக நாட்டி, தத்தம் ஊரில் கதிரவன் உச்சிக்கு வரும் பொழுதில் நிழலை அளக்கின்றனர். ஒரு பள்ளியில் நிழல் 17.6 சென்டிமீட்டர், மற்றதில் 36.4 சென்டிமீட்டர். கோணமாகக் கணக்கிட்டால் முன்னது 10 பாகை, பின்னது 20 பாகை; வேறுபாடு 10 பாகை. வட்டத்தின் 360 பாகையில் இது 36இல் ஒரு பங்கு. ஆகவே 1,110 கிலோமீட்டரை 36ஆற் பெருக்க, 39,960 கிலோமீட்டர் கிடைக்கின்றது. உலகின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் என்பது அறிவியலார் கண்ட முடிவு. இவ்விரண்டும் எத்துணை நெருங்கியுள்ளன, பார்த்தீர்களா?

இவ்வாய்வை ஒரு பள்ளி தனித்துச் செய்தல் இயலாது. தன் முற்றத்து நிழலை மட்டும் அளந்தோன் உலகின் அளவை அறியான். அடுத்த நாட்டு மாணவன் தரும் எண் இல்லையேல் நம் எண்ணிற்குப் பயன் இல்லை. அவன் சோம்பிப் பிழையாக அளப்பின் நம் விடையும் பிழையாகும். ஆகவே இரு பள்ளியாரும் ஒருவரையொருவர் நம்புதலும், அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையராய் நடத்தலும் இன்றியமையாதன ஆகின்றன. 1995ஆம் ஆண்டு தொட்டு நடைபெறும் குளோப் என்னும் பன்னாட்டுத் திட்டத்தில், பல நாட்டு மாணவர்கள் தம் ஊரின் வெப்பநிலை, மழை, மேகம், நீரின் தன்மை முதலியவற்றை ஒரே முறையில் அளந்து பதிவு செய்கின்றனர். அப்பதிவுகளை அறிவியலாரும் பயன்படுத்துகின்றனர். ஐரோப்பிய நாடுகளில் 2005ஆம் ஆண்டில் தொடங்கிய இரட்டைப் பள்ளித் திட்டம், இணையத்தின் வாயிலாக ஆசிரியர்களையும் மாணவர்களையும் கூட்டுப் பணியில் ஈடுபடுத்துகின்றது.

இத்தோழமை சிறத்தற்கு வேண்டும் இயல்புகள் சில உள. முதலாவது சமநிலை. செல்வ நாட்டுப் பள்ளி வறிய நாட்டுப் பள்ளிக்கு நூலும் பணமும் அனுப்புதல் நற்செயலே. எனினும் அதுவே தோழமை ஆகாது. என்றும் ஒருவரே கொடுப்போராகவும் மற்றவர் பெறுவோராகவும் இருப்பின், கொடுப்போரிடம் செருக்கும் பெறுவோரிடம் கூச்சமும் வளரும். நெல் விளையும் முறையையும், ஏரியைக் காக்கும் முறையையும் சிற்றூர்ப் பிள்ளை அறிவான்; பெருநகரத்துப் பிள்ளை அதனை அவனிடம் கேட்டே கற்றல் வேண்டும். சிபுசாவா பெற்றவாறே கொடுத்ததும் இக்கருத்துப் பற்றியே. இரண்டாவது தொடர்ச்சி. தொடங்கிய ஆசிரியர் மாறிச் சென்றவுடன் நின்றுபோகும் உறவு வேரற்ற செடியை ஒக்கும். மூன்றாவது பொறுமை. மொழியும் விடுமுறையும் நாட்டுக்கு நாடு வேறு. தமிழ்நாட்டில் காலை 10 மணி ஆகும்பொழுது ஜப்பானில் பிற்பகல் 1.30 மணி, இங்கு வகுப்புத் தொடங்கிய சில நாழிகையில் அங்குப் பள்ளி முடியும் பொழுது நெருங்கும். இத்தகைய தடைகளைக் கணக்கிட்டு ஒழுகுதலே ஒரு கல்வி.

இத்தோழமையின் முடிந்த பயன் உலகக் குடிமை என்பர். உலகக் குடிமகனுக்குத் தனிக் கடவுச்சீட்டும் இல்லை. தனி அரசும் இல்லை. தன் நாட்டிற் குடிமகனாய் இருந்தவாறே, தன் செயலின் விளைவு தன் எல்லைக்கு அப்பாலும் செல்லும் என்பதை உணர்ந்து நடப்பவனே உலகக் குடிமகன். ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில் வகுத்த 17 வளர்ச்சிக் குறிக்கோள்களுள் கல்வி பற்றியதில் இவ்வுணர்வைக் கற்பித்தலும் சேர்க்கப்பட்டுள்ளது.

இவ்வாறு கூறின் தாய்நாட்டுப் பற்றுக் குறையுமே என்று ஐயுறுவார் உளர். அவ்வையத்தைப் புறக்கணித்தல் கூடாது, ஆராய்தல் வேண்டும். பெரியம்மை நோயை எண்ணிப் பாருங்கள். அந்நோய் எல்லைக் கற்களை மதித்ததில்லை. ஒரு நாடு தன் மக்களுக்கு மட்டும் அம்மை குத்தினால் அடுத்த நாட்டிலிருந்து அது மீண்டும் வந்து சேரும். அமெரிக்காவும் சோவியத்து ஒன்றியமும் அரசியலில் கடும் பகை கொண்டிருந்த காலத்தில், அந்நோயை உலகினின்றே ஒழித்தல் வேண்டும் என்று 1958ஆம் ஆண்டில் சோவியத்து அறிஞர் முன்மொழிந்தனர். 1967ஆம் ஆண்டில் விரிவுபடுத்தப்பட்ட பணிக்கு அமெரிக்க மருத்துவர் ஒருவர் தலைமை தாங்கினார். இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அந்நோய் நீங்கியது. உலகம் முழுதும் ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட எந்நாட்டு மருத்துவரும் தம் நாட்டிற்குத் தீங்கு செய்தவர் ஆகார். உலகைக் காத்தபொழுதே தம் நாட்டையும் காத்தனர். வீட்டுப் பற்றுடையோன் ஊர் நலம் பேணுதல் இயல்பாதல் போல, நாட்டுப் பற்றுடையோன் உலக நலம் பேணுதலும் இயல்பேயாம்.

தன் நாட்டை அறியாதவன் பிற நாட்டாரோடு பேசத் தொடங்கினால், அவர் கேட்கும் முதல் வினாவிற்கே விடை கூற மாட்டான். உங்கள் ஊரின் பெயர்க் காரணம் யாது? ஆற்று நீர் எங்கிருந்து வருகின்றது? இவ்வினாக்களைக் கடல் கடந்த தோழன் கேட்கும்பொழுதுதான், நாம் நாள்தோறும் கண்டும் அறியாதவை பல என்பது விளங்குகின்றது. ஆதலால் பிற நாட்டாரோடு பழகுதல் நம் நாட்டை நாம் நன்கு அறிதற்கும் துணையாகின்றது.

மாணவர்களே, நும் பள்ளிக்கு இத்தகைய வாய்ப்புக் கிட்டுமாயின், ஒருமுறை வாழ்த்து அனுப்பி நின்றுவிடாதீர்கள். அவர்களிடம் கேட்டற்குரிய நல்ல வினாக்களை முதலில் எழுதிக் கொள்ளுங்கள். அவர்கள் கேட்பவற்றிற்கு உண்மையான விடை தேடுங்கள். ஒத்துக்கொண்ட பணியை ஒத்துக்கொண்ட நாளில் முடித்து அனுப்புங்கள். கருத்து மாறுபடின் சினவாது காரணம் கேளுங்கள். வெளிநாட்டுத் தோழமை கிட்டாதாயினும், நும் வகுப்பிலேயே வேறு மொழி பேசுவோரும் வேறு வழக்கம் உடையோரும் இருத்தல் கூடும். அவரோடு நட்புடன் பழகக் கற்றவர்க்குக் கடலுக்கு அப்பால் வாழ்வாரோடு பழகுதல் அரிதன்று.